சப்பரம் போகும் வளைவில் ஒரு கேபிள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மூணாறில் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இதை டைப் அடிக்கப்போகும் பிள்ளை தப்புகளைத் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்லாததை மட்டும் சேர்த்துவிட வேண்டாம்.

பேசச் சொன்னால் எனக்கு வராது. விரல் நடுக்கம் வந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று தொலைபேசி இலாகாவின் பாலக்காடு கண்ட்ரோல் ரூமில் மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்றுகூடச் சொல்லாமல் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ரூமில் இருந்த இளம்பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் டீ குடிக்கும்போது அங்கே ஷிப்ட் பார்க்கிற பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அங்கிள், கேபிள் சரியானாலும் கலர் ஒடனே பழைய வழிக்குத் திரும்ப மாட்டேங்குதே. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போகுது. அத யாரு அப்படி வச்சா?"

அதை வைத்தவர் கோமதி மேடம். அதற்குக் காரணம் எங்கள் எஸ்டேட் சவேரியார் கோயில் திருவிழா. இதை வாயால் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் வேலைக் காலத்தின் முன்பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலை ரோட்டோரம் கேபிள் குழி வெட்டினேன். பிறகு கேபிள் சுற்றிய பெரிய மர உருளைகளைத் தள்ளினேன். பிறகு ஜாயின்ட் போடுகிறவருக்கு மழையில் குடை பிடித்தேன். குடை பிடித்த காலத்தில் அவர் கையைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். தினக்கூலியாக இருந்தவன் ஒப்பந்தத் தொழிலாளி ஆனேன். நிரந்தரம் மட்டும் ஆகவில்லை. நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோதும் அப்படித்தான். ஒரு அதிகாரி வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் வேலை கிடையாது. என் பயத்தில் பாதி அதிலிருந்து வந்தது. மீதிப் பாதி பிறவியிலேயே உள்ளது.

கண்ணாடி இழையை இணைப்பதுதான் என் வேலை. இழை தலைமுடி அளவுதான் இருக்கும். முதலில் மேல்தோலை உரிக்க வேண்டும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். நன்றாகச் சுத்தமானால் துணிக்கும் இழைக்கும் நடுவே கீச்சென்று மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை விடக்கூடாது. பிறகு வெட்டுக்கருவியில் வைத்து நுனியை நேராக நறுக்க வேண்டும். இரண்டு நுனிகளையும் மெஷினில் எதிரெதிரே வைத்து மூடினால் உள்ளே பொறி அடித்து இரண்டையும் உருக்கி ஒன்றாக்கும். திரையில் ஒரு எண் வரும். எண் எவ்வளவு சின்னதோ ஜாயின்ட் அவ்வளவு நல்லது. கடைசியில் இழையைத் தட்டில் வட்டமாகச் சுற்றி வைத்து மூட வேண்டும். அந்த வட்டம் உள்ளங்கையைவிடச் சிறிதாகப் போகக்கூடாது. கண்ணாடி இழை உடையாமல் வளையும். ஆனால் இறுக்கி வளைத்தால் உள்ளே ஓடும் வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும்.

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அதனால் எப்போதும் சட்டைப்பையில் இரண்டு கைக்குட்டைகள் வைத்திருப்பேன். ஜாயின்ட் போட்டு மூடி, நடந்து வீடு வந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் மனசுக்குள் அதைத் திறந்து திறந்து பார்ப்பேன். என் மனைவி ரெஜினா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். "தட்டுல இருக்க சோத்தப் பாருங்க. அந்த மிசின்ல நம்பர் நல்லாத்தான வந்துச்சு?" என்பாள். நல்லாத்தான் வந்தது. இருந்தாலும்.

இப்படி இருந்த என்னிடம்தான் கோமதி மேடம் வந்து சேர்ந்தார்.

மேடம் பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவர். புதிதாக ஒரு பெட்டியை உருவாக்கும் குழுவுக்குத் தலைவர். அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. நாங்கள் திருப்புப் பெட்டி என்போம். ஒரே இழைக்குள் பல நிற வெளிச்சம் ஒன்றாக ஓடும். கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகப் பேச்சையும் படத்தையும் சுமந்து போகும். முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லா நிறத்தையும் இறக்கி, கரண்டாக மாற்றி, திரும்ப வெளிச்சமாக்கி அனுப்ப வேண்டும். மேடத்தின் பெட்டிக்குள் மிகச் சின்னக் கண்ணாடிகள் இருந்தன. எந்த நிறம் எந்த வழியில் போக வேண்டுமோ, அந்த நிறத்தை மட்டும் வெளிச்சமாகவே அந்த வழிக்குத் திருப்பிவிடும். ஒரு வழி கெட்டால் யாரும் சொல்லாமலே அடுத்த வழிக்கு மாற்றிவிடும்.

மூணாறிலிருந்து பாலக்காட்டுக்கு இரண்டு வழிகள். மேற்கு வழி பள்ளிவாசல், சித்திரபுரம், அடிமாலி என்று மலையிறங்கிச் சுற்றிப் போகும். கிழக்கு வழி மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, எருத்தேன்பதி வழியாக வரும். மழைக்காலத்தில் மேற்கு வழியில் மண் சரிந்தால் மலை முழுக்க ஊமையாகிவிடும். நான் கேபிளைத் தேடிச் சகதியில் இறங்குவேன். அந்த நிலைமை மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெட்டி.

மேடத்தின் சுபாவம் வித்தியாசமானது. சத்தமாகப் பேச மாட்டார். அவர் பேசுவது கேட்க வேண்டும் என்பதற்காகவே நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். காலையில் வந்ததும் மற்ற அதிகாரிகள் வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்பார்கள். இவர் ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு எதுக்கு பயப்படறேள்?" என்று கேட்பார். முதல் நாள் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாஸண்ணா, உங்களைத்தான் கேக்கறேன்."

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லைன்னா வேலை நன்னா பாக்கலைன்னாக்கும் அர்த்தம். செத்த யோசிச்சுச் சொல்லுங்கோ."

மறுநாள், மூணாவது கம்பத்தில் எறும்பு கூடு கட்டியிருக்கிறது, ஜாயின்ட் பெட்டிக்குள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன். சிரிக்கவில்லை. என்னோடு வந்து பார்த்தார். அன்றுமுதல் என் பயங்களைத் தினமும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் பயத்துக்கு மரியாதை கிடைத்த இடம் அதுதான்.

பெட்டியை ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த ஒரு மாதமும் யாரும் கையால் எதையும் மாற்றக்கூடாது. பெட்டி தானாகவே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். மேடம் வழக்கமான நிறங்களோடு, சிவப்புக்கும் அப்பால் உள்ள சில புதிய நிறங்களையும் இழையில் ஏற்றினார். அவற்றை நாங்கள் சிவப்பு என்றே சொல்லிக்கொண்டோம். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் பெரிய டாக்டர்களோடு படத்தில் பேசுகிற லைனை அந்தப் புதிய நிறம் ஒன்றில் வைத்தார். சோதனை ஜெயித்தால் மலை முழுக்கப் பெட்டி வரும்.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் பழனிச்சாமி போன் பண்ணினான். எருத்தேன்பதிப் பக்கம் கேபிளைப் பார்த்துக்கொள்பவன். வயதில் எனக்கு இளையவன். கிழக்கு வழி அவன் பொறுப்பு.

"ஏனுங் தாசண்ணா, உங்கூட்டுச் செவப்பெல்லாம் கௌம்பி எங்கூட்டுக்கு வந்துருச்சுங்க. என்ன சண்டைங்க?"

மேற்கு வழியில் சிவப்பு நிறங்கள் மட்டும் மங்கிப்போக, பெட்டி அவற்றைக் கிழக்கே திருப்பியிருந்தது. பெட்டி தன் வேலையைத்தான் செய்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மேற்கு சரியாகிவிட்டது. பெட்டி உடனே எல்லாவற்றையும் திரும்ப மேற்கே கொண்டுவந்தது. வந்ததும் மறுபடி மங்கியது. மறுபடி கிழக்கே போயிற்று. ஒவ்வொரு தடவை தாவும்போதும் ஆஸ்பத்திரி டாக்டரின் படம் உறைந்து நின்றது.

"வர்றதும் போறதுமா இருக்குதுங்க. புதுசாக் கல்யாணம் ஆன புள்ள பொறந்தூட்டுக்கும் புருசனூட்டுக்கும் நடக்கற மாதர. சோறு போட்டு மாளலைங்க" என்றான் பழனிச்சாமி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த இடத்தில் மங்குகிறது என்று கேட்டேன். மேடம் மெஷினில் பார்த்திருந்தார். எங்கள் எஸ்டேட் கோயில் பக்கத்து ரோட்டு வளைவில்.

அந்த வளைவில் இருக்கும் ஜாயின்ட் நான் போட்டது. மழையில் போட்டது.

இரண்டு நாள் அப்படியே நடந்தது. காலையில் நன்றாக இருக்கும். சாயங்காலம் மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்கும்போது தொடங்கும். டிவிஷன் அதிகாரி எனக்கு நேராகவே போன் செய்தார். அவர் மலையாளத்தில் பேசினார். கெட்டது ஜாயின்ட்தான் என்று தெரிந்தால், ஜாயின்ட் போட்டவன் இனி இந்தப் பிரிவில் இருக்க மாட்டான் என்றார். நான் "சரி சார்" என்றேன். வீட்டில் ரெஜினா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவளும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் மேடம் வந்து கேட்டார். "இன்னிக்கு எதுக்கு பயப்படறேள்?"

"என் ஜாயின்ட்டுக்கு மேடம்."

"அப்போ அதையே தொறந்து பாத்துடலாம்."

திறந்தேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். உள்ளே ஈரம் இல்லை. எறும்பு இல்லை. தட்டில் வட்டங்கள் நான் வைத்தபடியே இருந்தன. மேடம் தன் உள்ளங்கையை வட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தார். ஜாயின்ட்டில் கோளாறு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாததுதானே எங்கள் தொழிலே.

மேடம் தட்டைத் திரும்ப மூடச் சொன்னார். பிறகு, "நாம சாதாரண நிறத்தை விட்டுன்னா பாத்திண்டிருக்கோம். கஷ்டப்படறது செவப்பாக்கும். செவப்பையே விட்டுப் பாக்கணும்" என்றார். இழை இறுக்கி வளைந்த இடத்தில் முதலில் கசிவது சிவப்பு. மற்ற நிறங்கள் அதே வளைவைக் கொஞ்சம் சோர்வோடு கடந்துவிடும் என்று விளக்கினார். பாலக்காட்டிலிருந்து அதற்கான விளக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சாயங்காலம் மஞ்சு இறங்கக் காத்திருந்து அதை இழையில் விட்டோம். மெஷின் திரையில் கோடு போய்க்கொண்டே இருந்து, ஓர் இடத்தில் தடாலென்று விழுந்தது. என் ஜாயின்ட்டில் இல்லை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்.

நான் மெஷினை மூடப் போனேன். மேடம், "இருங்கோ, இன்னும் முடியலை. அங்கே என்ன இருக்கு?" என்றார்.

அங்கே என்ன இருக்கும்? ரோட்டுக்கு மேலே கேபிள் குறுக்கே போகும் இடம். சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேற்றி இருந்ததால் கலர் தாள் தோரணமும் சீரியல் பல்பும் நெருக்கமாகத் தொங்கின. தோரணத்துக்கு நடுவே எங்கள் கேபிள், ரோட்டோரச் சில்வர் ஓக் மரத்தின் கிளையோடு தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டிய இடத்தில் கேபிள் மடங்கிய முழங்கை போல நின்றது.

அந்த வளைவில் நான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வருஷா வருஷம் பார்ப்பதால்தான் பார்க்கவில்லை. திருவிழாவின் கடைசி நாள் சப்பரம் அந்த வளைவு வழியாகத்தான் போகும். சப்பரத்தின் உச்சியில் சிலுவை நிற்கும். குறுக்கே போகும் கம்பியில் அது முட்டக்கூடாது என்பதற்காகக் கொடியேற்றத்தன்றே கம்பியைத் தூக்கி மரத்தில் கட்டிவிடுவது எங்கள் கோயில் வழக்கம். எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அப்போது அங்கே தொங்கியது செம்புக் கம்பி போன் கேபிள். அதை என்ன பாடு படுத்தினாலும் பேச்சுப் போகும். பிறகு செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டோம். இதுவரை அதில் ஓடியவை வழக்கமான நிறங்கள்தான். அவை எப்படியோ தாங்கிக்கொண்டன. மேடம் புதுச் சிவப்பை ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. வெயிலில் காய்ந்தால் நார்க்கயிறு தளரும். மஞ்சில் நனைந்தால் ஊறிச் சுருங்கி இறுகும். அதனால்தான் சாயங்காலங்களில் சிவப்பு ஓடிப்போயிற்று.

கயிற்றின் முடிச்சைப் பார்த்ததும் எனக்கு வேறு பயம் வந்தது. ஜீப்பின் கூரையில் சாமான் கட்டுகிறவர்கள் போடும் இழுப்பு முடிச்சு அது. எங்கள் எஸ்டேட்டில் அதை அவ்வளவு அழகாகப் போடுகிறவர் ஒருவர்தான். எனக்கு மச்சான் முறை. எனக்கு மச்சான் முறை ஆகிறவர்கள் அங்கே நிறைய பேர், அதனால் இதை எழுதுவதில் தவறில்லை.

ஏணி போட்டு முடிச்சை அவிழ்த்தேன். கேபிள் தொங்கி நிமிர்ந்தது. மேடத்தின் போனில் சிவப்பு நிறங்கள் மேற்கே வந்து, அங்கேயே நின்றன.

செய்தி டிவிஷன் அதிகாரிக்குப் போயிற்று. அவர் மறுபடி எனக்கே போன் செய்தார். இலாகா கேபிளைச் சேதப்படுத்தியவன் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். யார் கட்டியது, பேர் வேண்டும் என்றார். பேர் இல்லையென்றால், அந்த இடத்துக்குத் தன்னிடம் இருப்பது ஜாயின்ட்காரனான என் பேர் மட்டும்தான், அதையே எழுதப்போவதாகச் சொன்னார். திருவிழா முடியட்டும், மறுநாள் சொல் என்று போனை வைத்துவிட்டார்.

நான் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் தோரணத்துக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னல, மூஞ்சி செத்த கோழி மாதிரி இருக்கு?"

"மச்சான், கோயில் வளைவுல கேபிளக் கட்டுனது நீங்கதான?"

"நான்தான். வருசா வருசம் நான்தான கட்டுதேன். சின்னதுல நீதான ஏணி பிடிப்ப?"

"அது செம்பு மச்சான். இது கண்ணாடி."

"ரெண்டும் கருப்பாத்தான்ல இருக்கு. எனக்கு எப்பிடித் தெரியும்?"

வெளித்தோல் இரண்டுக்கும் கருப்புதான். அது கண்ணாடி, கட்டாதீர்கள் என்று எங்கள் இலாகாவில் ஒருவரும் வந்து சொன்னதில்லை.

போலீஸ் விஷயத்தைச் சொன்னேன். மச்சான் மூணாறில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் கூட்டிப்போகிறவர். போலீஸ் கேஸ் விழுந்தால் பெர்மிட் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த ஜீப்பில்தான் அவர் வீடு ஓடியது. அடுத்த தாளை எடுத்துப் பசை தடவினார்.

"சொல்லிரு. ஒன் வேலையவிட எனக்கு ஜீப்பா பெருசு? பொம்பளப் பிள்ளைகளக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, கையிலிருந்த தாளைத் தலைகீழாக ஒட்டினார்.

"நாளைக்குச் சப்பரத்துக்கு என்ன செய்ய?" என்று அவரே பிறகு கேட்டார். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கேபிளை இறக்கிவிட்டோம். சப்பரம் வந்தால் சிலுவை முட்டும். யாராவது ஒரு இளவட்டம் மூங்கிலால் குத்தித் தூக்குவான். மலையில் பாதி ஊர்களின் பேச்சு அந்த ஒரு கேபிளில் போகிறது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். சப்பரத்தை வேறு வழியில் போகச் சொல்லலாமா என்று கேட்கவில்லை அவர். சப்பரம் எவ்வளவு உயரம், வளைவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் கேட்டார். பிறகு, "வர்றதுக்கு முன்னாடி செவப்பை நானே கிழக்கே அனுப்பறேன். போனப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

"மேடம், கையால தொட்டா சோதனை போச்சுன்னு..."

"போகட்டும். சப்பரம் வந்தா ஆஸ்பத்திரி லைன் ஆடும். தாவித் தாவி நிக்கறதை விட ஒரு தடவை போயிட்டு வரட்டும்."

அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பெட்டிக்காகக் குடும்பத்தை விட்டுவிட்டு மலையில் கிடந்தவர் அவர்.

மறுநாள் மச்சான் ஒரு பழைய ஜீப் டயரைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்தார். நீளமான மூங்கிலின் நுனியில் அதைக் கவிழ்த்துக் கட்டினேன். அந்த டயர்மேல் கேபிள் உட்கார்ந்தால் அகலமாக வளையும், மடங்காது. தூக்குவது நான், மூங்கிலின் அடியைப் பிடிப்பது மச்சான். சிவப்பைக் கிழக்கே அனுப்பிவிட்டால், மற்ற நிறங்களுக்கு அந்த வளைவு போதும் என்று மேடம் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கைக்குட்டை இரண்டும் நனைந்துவிட்டன.

வெயில் தாழும் நேரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. மேடம் மதகுக் கட்டையில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார். ஒரு பொத்தானைத் தட்டினார். என் போன் அடித்தது. பழனிச்சாமி.

"வந்துருச்சுங்க தாசண்ணா. அத்தனை செவப்பும் வந்து ஒக்காந்துக்குச்சு."

"பத்திரமாப் பாத்துக்க பழனி."

"பாத்துக்கறேனுங்க. ஆனா இங்க ஒரு சங்கதிங்க. பஞ்சாயத்துத் தண்ணிக் குழாய்க்குனு ஒரு ஜேசிபி நம்ம கேபிள் மேலயே வந்து நின்னு உறுமுதுங்க."

மேற்கே கேபிளைத் தூக்கப்போகிறோம். கிழக்கே தோண்டப்போகிறார்கள். ஆஸ்பத்திரி லைன் கிழக்கில் இருக்கிறது. "நிறுத்தச் சொல்லு பழனி!" என்று கத்தினேன். நான் கத்தியது ஊர்வலத்தில் வந்த பங்குச் சாமியார் உட்பட எல்லாருக்கும் கேட்டது.

"சொன்னேனுங்க. மேஸ்திரி சொன்னாத்தான் நிறுத்துவேங்கறான். நான் அவன் வாளிக்கு முன்னால போய் ஒக்காந்துக்கிட்டேனுங்க. தோண்டுனா என்னையச் சேத்துத் தோண்டட்டும். நீங்க உங்க சாமியக் கடத்துங்க, வெரசா."

சப்பரம் வளைவுக்குள் வந்தது. நான் மூங்கிலை ஏற்றினேன். கேபிள் டயர்மேல் உட்கார்ந்தது. மச்சான் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். சிலுவை கேபிளுக்கு அடியில் வந்தபோது, வழக்கம்போலச் சப்பரத்தை நிறுத்தி ஜெபம் சொன்னார்கள். எல்லாரும் தலை குனிந்தார்கள். நான் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். சவேரியாரே, இன்றைக்கு ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளச் சொல்லும் என்று வேண்டினேன். அவர் கேட்கவில்லை. ஜெபம் சொல்லும் கோயில் உபதேசியார் எல்லா வீட்டுக்காரர்கள் பேரையும் சொல்லி முடித்த பிறகுதான் சப்பரம் நகர்ந்தது.

கேபிளை மெதுவாக இறக்கினேன். மேடம் கையை உயர்த்திக் காட்டினார். ஒரு நிறமும் விழவில்லை. பிறகு அவர் உடனே சிவப்பை மேற்கே கூப்பிடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, கேபிள் ஆடி அடங்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் தட்டினார். "நான் காத்திண்டிருந்தேன் பாத்தேளா தாஸண்ணா? பெட்டிக்கு அதைத்தான் நான் கத்துக்குடுக்கலை" என்றார்.

எருத்தேன்பதியில் பழனிச்சாமி வாளிக்கு முன்னாலிருந்து எழுந்து, ஜேசிபி ஓட்டுநரோடு டீ குடிக்கப் போனான்.

மறுநாள் காலை டிவிஷன் அதிகாரி போன் செய்தார். பேர் என்ன என்றார். மேடம் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"பேரு தெரியும் சார். சொல்ல மாட்டேன் சார்."

அவ்வளவு நீளமாக எந்த அதிகாரியிடமும் அதற்கு முன் மறுத்துப் பேசியதில்லை. சொல்லிவிட்டு, போனைக் கீழே நழுவவிட்டு, ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ரெஜினாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

கீழே விழுந்த என் போனை மேடம் எடுத்துப் பேசினார். அந்த மெல்லிய குரலிலேயே பேசினார். கேபிள் ரோட்டின் குறுக்கே இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, அது இலாகாவின் குறை. வழி சரியானதும் பொறுக்காமல் திரும்பித் தாவியது பெட்டியின் குறை, அது தன் குறை. ஜாயின்ட்டைத் தானே உட்கார்ந்து திறந்து பார்த்ததாகவும் அதில் குறை இல்லை என்றும் எழுதித் தருவதாகச் சொன்னார். சோதனை தோற்றது என்று அவரே எழுதினார்.

நான் கேட்டேன், ஏன் மேடம் இப்படி என்று.

"பேரை எழுதினா ஒருத்தனைப் பிடிச்சு உள்ள போடுவா. அடுத்த வருஷம் வேற ஒருத்தன் கட்டுவான். பெட்டி அப்பவும் தாவிண்டேதான் இருக்கும். எனக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்கோ?"

மேடத்தைத் திரும்பப் பாலக்காட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த மாதங்களில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எனக்கு வேலை இருக்கிறதா என்று தெரியாமலே கிடந்தேன். என்னை யாரும் நீக்கவில்லை. மேடம் எழுதிய தாள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வளைவில் உயரமான இரும்புக் கம்பம் நட ஆள் வந்தது. அடுத்த திருவிழாவுக்கு முன்னால் பெட்டியும் வந்தது. வழி சரியான பிறகும் அது சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தது. நிறம் மங்க ஆரம்பிக்கும்போதே, சாவதற்கு முன்னாலேயே, எச்சரிக்கை சொன்னது. இந்தத் தடவை சோதனை ஜெயித்தது. கண்ட்ரோல் ரூமில் அந்தப் பெண் என்னிடம் கேட்ட காத்திருப்பு இதுதான். பிறகு மூணாறுப் பிரிவில் சிலரை நிரந்தரமாக்கியபோது என் பேரும் வந்தது.

மச்சானும் நானும் இதைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. அவர் ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு பெண்களும் படித்து நர்ஸ் ஆனார்கள். நான் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு இத்தனை நாள் எழுதாததற்கு ஜீப்தான் காரணம். பேர் எழுதாவிட்டாலும், முடிச்சைச் சொன்னால் கண்டுபிடிப்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்தேன். போன மாதம் அவர் ஜீப்பை விற்றுவிட்டார். முதுகு வலி. பெர்மிட்டை ஒப்படைத்த தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஏன் காட்டினார் என்று சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பேரை நான் இன்னும் எழுதவில்லை. கண்ட்ரோல் ரூம் பிள்ளைகள் போன் பண்ணிக் கேட்க வேண்டாம்.

சித்திரபுரம்,
2024 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை.